புழு விக்கிறவன் யாருக்கு விக்கிறான்?

மல்லாட்டை விலையைப் பத்தி எழுதறேன்னு போன தடவை சொல்லியிருந்தேன். அது ஒரு வாரம் பொறுக்கட்டும். அதை விட அவசரமா ஒண்ணு வந்திருக்குது.

பூச்சி வளர்ப்புன்னு ஒரு புதுக் காய்ச்சல் நம்ம பக்கம் ஊர் ஊரா பரவுது. கருப்பு சிப்பாய் ஈன்னு ஒரு ஈ. சுருக்கமா பிஎஸ்எஃப்னு சொல்றாங்க. அதோட புழுவை வளர்த்து வித்தா மாசம் அம்பதாயிரம், வீட்டுக் கொல்லைப்புறமே போதும், மழை வேணாம், மோட்டார் வேணாம், கூலி ஆள் வேணாம்னு போனைத் திறந்தா பத்து வீடியோ. போன மாசம் திருவண்ணாமலையில ஒரு கல்யாண மண்டபத்துல ஒரு நாள் பயிற்சி நடந்துச்சு. அதுக்கு ஒரு கட்டணம், மதியச் சாப்பாடு, சாயங்காலம் போட்டோவோட சான்றிதழ். எல்லாம் முடிஞ்ச பிறகு முட்டை, தொட்டி, வலைக்கூண்டு எல்லாம் சேர்த்து ஒரு 'கிட்'. நீங்க வளர்த்த புழுவை நாங்களே திரும்ப எடுத்துக்குவோம்னு பத்திரத்தாள்ல ஒப்பந்தம் வேற.

எங்க ஊர்ப் பையன் ஒருத்தன் அதுக்குப் போயிட்டு வந்தான். டிப்ளமோ படிச்சவன். ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனியில காண்ட்ராக்ட் முடிஞ்சு வீட்டுல உக்காந்திருக்கான். அவங்க அம்மா நகையை அடகு வச்சு நாலு கிட் எடுக்கலாமான்னு என்னைக் கேட்டான். "மாமா, நீங்களும் பூச்சி வளர்க்கிறவர்தானே, நீங்க சொன்னா சரியா இருக்கும்"னான்.

நான் பூச்சி வளர்க்கிறவன்தான். ஒரு ஏக்கர் மல்பெரி போட்டு பட்டுப்புழு வளர்க்கிறேன். அதனால புழுன்னா அருவருப்புப் பட்டு இதை எழுதறேன்னு யாரும் நினைக்க வேணாம். பூச்சி வளர்ப்பு நல்ல தொழில். ஆனா ஒரு தொழில்ல வளர்க்கிறவனே அடுத்து வளர்க்கப் போறவனுக்கு வித்துக்கிட்டே இருந்தா அது தொழில் இல்லை, சீட்டு. சங்கிலியோட கடைசியில, வளர்க்கிற எண்ணமே இல்லாத ஒருத்தன், பொருள் வேணும்னு காசு கொடுத்து வாங்கணும். அவன் யாருன்னு கேட்டா இந்த மண்டபத்துக்காரங்க யாரும் வாயைத் திறக்கல.

பட்டுல அவன் யாருன்னு எனக்குத் தெரியும். நம்ம மாவட்டத்து ஆரணியிலேயே தறியில உக்காந்திருக்கான். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்கிற பொம்பளைக்கு நான் புழு வளர்க்கிறேங்கிறது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவங்க புடவைக்கு நெசவாளிக்கு நூல் வேணும், நூலுக்கு கூடு வேணும், கூட்டுக்கு என் புழு வேணும். நடுவுல தர்மபுரியில பட்டுக்கூடு அங்காடி இருக்குது, அரசாங்கம் நடத்துது, தமிழ்நாட்டுல அதுதான் பெருசு. இன்னும் பெருசு வேணும்னா கர்நாடகாவுல ராமநகரம், ஆசியாவுலேயே பெரிய அங்காடின்னு பேரு. நம்ம ஊர்ல இருந்து தண்டராம்பட்டு, அரூர் வழியா தர்மபுரி போய் கூட்டைக் கொட்டுனா, நூல் எடுக்கிறவங்க கையில அள்ளிப் பாத்து எல்லார் முன்னாடியும் ஏலம் கேக்கறாங்க. வாங்குறவனுக்கு நான் யாருன்னு தெரியாது. எனக்கு அவன் முட்டை வித்தவனும் இல்லை. அதுதான் சந்தை.

இந்த பட்டுக்குள்ளேயே பூச்சியை வளர்த்துப் பூச்சியாவே விக்கிற தொழில் ஒண்ணு இருக்குது, அதையும் சொல்லணும். இளம்புழு வளர்ப்பு மையம். முட்டை பொரிஞ்சு வர்ற புழு மயிர் மாதிரி இருக்கும், அதை முதல் ரெண்டு தோல் உரிக்கிற வரைக்கும் வளர்க்கிறதுதான் கஷ்டம். சூடு, ஈரம், கொழுந்து இலை எல்லாம் கணக்கா இருக்கணும். அதை அவங்க செஞ்சு, ரெண்டாம் தோல் உரிப்பு முடிஞ்ச புழுவை நம்மகிட்ட விக்கறாங்க. நாங்க மீதி நாளை வளர்த்து கூடு கட்ட விடுறோம். மொத்தம் நாலு தோல் உரிப்பு, ஏறக்குறைய 25 நாள். புழு தன் ஆயுசுல தின்ற இலையில நூத்துக்கு எம்பது பங்குக்கு மேல கடைசி ஒரு வாரத்துல தின்னும். அந்த வாரத்துல ராத்திரி மனைக்குள்ள நின்னா ஓட்டு மேல மழை பெய்யற மாதிரி சத்தம் கேக்கும், அத்தனையும் இலை கடிக்கிற சத்தம். வீட்டுல ஒருத்தரும் வெளியூர் கல்யாணத்துக்குப் போக முடியாது. 'கூலி ஆள் வேணாம், நாளைக்கு அரை மணி நேரம் போதும்'னு வீடியோவுல சொல்றவனை அந்த ஒரு வாரம் எங்க மனையில கொண்டு வந்து விடணும்.

ஒரு முட்டைத் தொகுதிங்கிறது ஒரு தாய்ப்பூச்சி போட்ட முட்டை, நானூறு அஞ்நூறு இருக்கும். நூறு தொகுதி எடுத்தா நாப்பதாயிரம் புழுவுக்கு மேல. போன பட்டத்துல எனக்கு நூறு தொகுதிக்கு 68 கிலோ கூடு வந்துச்சு. அதுக்கு முந்தின பட்டத்துல ஊசி ஈ புகுந்து 40 கூட தேறல. ஊசி ஈ புழு மேல உக்காந்து முட்டை வச்சுட்டுப் போயிடும், உள்ள அதோட புழு நம்ம புழுவைத் தின்னும். 1980 வாக்குல கர்நாடகப் பக்கம் வந்த ஈ அது, இன்னும் போகல. வலை கட்டணும், கதவை ரெட்டைக் கதவா போடணும். ஒவ்வொரு பட்டம் முடிஞ்சதும் மனையைக் கழுவி பிளீச்சிங் பவுடர் அடிக்கணும். இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, நோய் வராத பூச்சி வளர்ப்பு உலகத்துலயே கிடையாது. நோயைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம மண்டபத்துல ஒருத்தன் நாள் முழுக்க வகுப்பு எடுத்தான்னா அவன் வளர்த்தவன் இல்லை.

முட்டையை விக்கிறதுக்கும் ஒரு முறை இருக்குது. 150 வருஷத்துக்கு முன்னாடி பிரான்ஸ்ல பெப்ரின்னு ஒரு நோய் வந்து பட்டுத் தொழிலே படுத்துப் போச்சு. 1865-ல லூயி பாஸ்டரைக் கூப்பிட்டு விட்டாங்க. வெறிநாய்க்கடி ஊசி கண்டுபிடிச்ச அதே பாஸ்டர்தான், அது பிற்பாடு. அதுவரைக்கும் பட்டுப்புழுவைக் கையில தொட்டவரே இல்லையாம். முட்டை போட்ட தாய்ப்பூச்சியை நசுக்கி மைக்ரோஸ்கோப்புல பாரு, நோய்க்கிருமி இருந்தா அது போட்ட முட்டை அத்தனையையும் அழி, இல்லைன்னா மட்டும் வளர்க்கக் கொடுன்னு வழி சொன்னார். இன்னைக்கும் நாங்க வாங்குற முட்டைக்கு 'நோயற்ற முட்டைத் தொகுதி'ன்னு பேரு வந்தது அதனாலதான். நம்ம நாட்டுல 2006-ல மத்திய பட்டு வாரியச் சட்டத்தைத் திருத்தி, முட்டை உற்பத்தி பண்றவங்களும் இளம்புழு விக்கிறவங்களும் பதிவு பண்ணித்தான் ஆகணும்னு கொண்டு வந்தாங்க. அப்படி எனக்கு முட்டை கொடுத்த ஆளை நான் போய்க் கேள்வி கேக்க முடியும். மண்டபத்துல கிட் கொடுத்தவனை எங்க போய்க் கேப்பீங்க? சான்றிதழ்ல ஒரு செல்போன் நம்பர் இருக்குது, அவ்வளவுதான்.

பட்டுல எல்லாம் தேனும் பாலுமா ஓடுதுன்னு நான் சொல்லல. 2011 மத்திய பட்ஜெட்ல கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 30 சதவீதத்துல இருந்து 5-க்குக் குறைச்சாங்க. சீனப் பட்டு வந்து குவிஞ்சு கூட்டு விலை தரைக்கு வந்துச்சு, மல்பெரியைப் பிடுங்கிப் போட்டவங்க எத்தனையோ பேரு. அப்புறம் 2013-ல வரியை 15 ஆக்குனாங்க. டெல்லியில ஒருத்தர் பேனாவுல ஒரு கோடு போட்டா செங்கத்துல ஒருத்தன் தோட்டத்தைப் பிடுங்கணும், அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்குது. ஆனா அன்னைக்குக் கூட கூட்டுக்கு ஒரு விலை இருந்துச்சு. கம்மி விலை, வயிறு எரியற விலை, ஆனா விலை. வாங்க ஆளே இல்லைங்கிறது வேற சமாச்சாரம்.

வாங்க ஆளே இல்லாம போனது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா ரொம்ப தூரம் போக வேணாம். ஈமு கோழி. பெருந்துறை பக்கம் ஆரம்பிச்சு மாநிலம் பூரா பரவுன கதை. ஒன்றரை லட்சம் கட்டுனா ஆறு குஞ்சு, வளர்க்கிறதுக்கு மாசம் ஆறாயிரம், வருஷத்துக்கு போனஸ், ரெண்டு வருஷத்துல முதலும் திரும்ப வரும்னாங்க. டிவியில சினிமாக்காரங்க வந்து சொன்னாங்க. கறி விப்போம், எண்ணெய் விப்போம், தோல் விப்போம், இறகு விப்போம்னாங்க. ஈமுக் கறி வாங்கிக் குழம்பு வச்ச வீடு உங்க தெருவுல ஒண்ணு காட்டுங்க பாப்போம். யாரும் வாங்கல. புதுசா சேர்றவன் கட்டுன பணம்தான் பழைய ஆளுக்கு மாசம் ஆறாயிரமா போச்சு. 2012-ல சேர்றவன் நின்னான், கம்பெனி மூடுச்சு. பட்டினியா நின்ன பறவைக்குத் தீனி போட அரசாங்கம் வர வேண்டியதா போச்சு. பணம் போட்டவங்க வருஷக்கணக்கா கோர்ட்டுக்கு அலைஞ்சாங்க.

அந்த ஈமுவையும் இந்தப் புழுவையும் ஒண்ணா சொல்றது நியாயமான்னு அந்தப் பையன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஈமு யாருக்கும் தேவைப்படல, பிஎஸ்எஃப் புழு தேவைப்படுற பொருள்தான், மறுக்கல. நல்ல புழு. அழுகுன காய்கறி, பழம், மிஞ்சுன சோறு எல்லாத்தையும் தின்னு ரெண்டு மூணு வாரத்துல பெருக்கும். காஞ்ச புழுவுல நூத்துக்கு நாப்பது பங்கு புரதம். கோழிக்கும் மீனுக்கும் நல்ல தீனி. வளர்ந்த ஈ எதையும் தின்னாது, வீட்டு ஈ மாதிரி சாப்பாட்டுல வந்து உக்காராது, நோயையும் பரப்பாது. ஒரு வாரம் இருந்து, சேர்ந்து, முட்டை போட்டுச் செத்துப் போகும். இதெல்லாம் வீடியோவுல சொல்றது உண்மைதான். பொய் எங்க இருக்குதுன்னா அடுத்த கணக்குல இருக்குது.

பத்து கிலோ ஈரக் கழிவு போட்டா ஒண்ணு, ஒண்ணரை கிலோ உயிர்ப்புழு வந்தா நல்ல வேலைன்னு அர்த்தம். உயிர்ப்புழுவுல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மியா தண்ணி. காய வச்சா மூணு கிலோ ஒரு கிலோ ஆகும். தீவனக் கம்பெனிக்காரன் சோயாப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் லாரிக் கணக்குல வாங்குறவன். அவனுக்குப் புழு கொடுக்கணும்னா மாசம் ஒரு டன்னாவது காஞ்ச புழு, ஒரே தரத்துல, தவறாம கொடுக்கணும். அதுக்கு மூணு டன் உயிர்ப்புழு வேணும். அதுக்கு இருபதுல இருந்து முப்பது டன் கழிவு வேணும். நாளுக்கு முக்கால் டன்னு, ஒரு டன்னு. வீட்டுக் கொல்லைப்புறத்துல நாலு தொட்டி வச்சவன் எங்க போறது அதுக்கு? டிராக்டர் வாடகை, காய வைக்க விறகு இல்லைன்னா கரண்டு, நாத்தம்னு பக்கத்து வீட்டுக்காரன் போடுற சண்டை, இதுல எதுவும் அவங்க நோட்டீஸ்ல இல்லை. பெரிய ஊர்கள்ல பெரிய முதல் போட்டு, கழிவு எடுக்கக் காசு வாங்கிக்கிட்டுச் செய்யறவங்க இருக்காங்க. அது வேற விளையாட்டு. நகையை அடகு வச்சு ஆடற விளையாட்டு இல்லை.

அப்போ மண்டபத்துக்காரன் எதை விக்கிறான்? முட்டையை விக்கிறான், கிராம் கணக்குல. ஒரு பொட்டை ஈ அஞ்நூறு முட்டை வரைக்கும் போடும். ஒரு கிராம்ல முப்பதாயிரம் முட்டை இருக்கும். அவனுக்கு அது செலவே இல்லாத சரக்கு. வாங்குனவன் ரெண்டாவது மாசம் தானும் முட்டை விக்கலாம்னு பாக்குறான், ஏன்னா புழுவை வாங்க ஆள் இல்லை, முட்டைக்குத்தான் விலை. யாருக்கு விப்பான்? பக்கத்து ஊர்ல இன்னொரு வேலையில்லாத பையனுக்கு. எல்லாரும் விதை விக்கிறான், விளைச்சலை வித்தவன் ஒருத்தனும் இல்லை. திரும்ப எடுத்துக்குவோம்னு எழுதிக் கொடுத்த பத்திரத்தை நான் வாங்கிப் படிச்சேன். 'தரம் திருப்தியாக இருக்கும் பட்சத்தில்'னு ஒரு வரி இருக்குது. தரம்னா என்னன்னு எங்கயும் இல்லை. எத்தனை கிலோ, எந்தத் தேதி, என்ன ஈரம், எதுவும் இல்லை. கரும்பு போட்டு ஆலைக்காரங்க பின்னாடி பாக்கிக்கு அலைஞ்ச நம்ம ஜனத்துக்கு இந்த வரியோட அர்த்தம் சொல்லிக் கொடுக்க வேண்டியது இல்லை.

'நீங்க இப்படிப் பேசிப் பேசித்தான் சின்னப் பசங்க எதையும் ஆரம்பிக்கிறதில்லை'ன்னு ஒரு பெரியவர் என்கிட்ட கோச்சுக்கிட்டார். ரிட்டயர்டு வாத்தியார், எனக்கு மரியாதை உண்டு. ஆரம்பிக்கட்டும் சார். யார் வேணாம்னது? தேனீ ஆரம்பிக்கட்டும். 1911 வாக்குல திருச்சிப் பக்கம் நியூட்டன்னு ஒரு பாதிரியார் நம்ம நாட்டுத் தேனீக்குன்னே சின்னதா ஒரு பெட்டி செஞ்சார், இன்னைக்கும் நியூட்டன் பெட்டின்னுதான் சொல்றோம். மார்த்தாண்டத்துல குடும்பம் குடும்பமா அந்தப் பெட்டியை வச்சுப் பொழைக்கறாங்க. தேனீக் குடும்பத்தைப் பிரிச்சு பெட்டியோட விக்கறாங்க. அதுவும் பூச்சியை வளர்த்து விக்கிற தொழில்தான். தொண்ணூறு தொடக்கத்துல ஒரு வைரஸ் வந்து தென்னாட்டுல தேனீக் குடும்பங்கள் பெரும்பகுதி செத்துப் போச்சு. அதையும் தாண்டித் தொழில் எழுந்து நிக்குது, ஏன்னா தேனை வாங்கி நக்குறதுக்கு ஆள் இருந்தான். அவன் தேனீ வளர்க்கிறவன் இல்லை.

ஒட்டுண்ணி ஆரம்பிக்கட்டும். கரும்புல இடைக்கணுப் புழுவுக்கு ட்ரைக்கோகிரம்மா அட்டை கட்டுறோமே, அதைக் கம்பு நொய்யில அந்துப்பூச்சி வளர்த்து, அது போட்ட முட்டையில அந்தக் குட்டிக் குளவியை விட்டுத்தான் செய்யறாங்க. ஒரு சிசி அட்டையில பதினாறாயிரம், இருபதாயிரம் முட்டை. விவசாயப் பல்கலைக்கழகம் சொல்லிக் கொடுக்குது. ஒரு வாரத்துல குளவி வெளிய வந்துடும், அதுக்குள்ள வித்தாகணும், தேங்குனா செத்த அட்டை. கரும்பு எத்தனை ஏக்கர் இருக்குதோ அத்தனைதான் சந்தை. சின்னத் தொழில்தான், ஆனா அட்டையை வாங்குறவன் கரும்பு போட்டவன், அட்டை போட வந்தவன் இல்லை. (பப்பாளி மாவுப்பூச்சி 2008-ல கோயம்புத்தூர்ல வந்து மல்பெரி, மரவள்ளி எல்லாத்தையும் வெள்ளையடிச்ச மாதிரி ஆக்குச்சு, ஞாபகம் இருக்கும். 2010-ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து ஒரு குளவியைக் கொண்டு வந்து வளர்த்து, விவசாயிங்களுக்குச் சும்மாவே கொடுத்தாங்க. எனக்குத் தெரிஞ்சு தமிழ்நாட்டுல நடந்த நல்ல பூச்சி வளர்ப்பு அதுதான். அதுக்கு யாரும் மண்டபம் எடுத்து நகையைக் கேக்கல.)

பிஎஸ்எஃப் கூட ஆரம்பிக்கலாம், காசு கொடுக்காம. அந்த ஈ நம்ம ஊர்லயே இருக்குது. வாழைப்பழத் தோலும் அழுகுன தக்காளியும் ஒரு தொட்டியில போட்டு, நிழல்ல, லேசான ஈரத்துல வச்சு, மேல அட்டைப்பெட்டி அட்டையை வெட்டி நெளிவுப் பக்கம் தெரியற மாதிரி செருகி வைங்க. வெயில் காலத்துல ஒரு வாரம் பத்து நாள்ல கருப்பா, குளவி மாதிரி நீளமா ஒரு ஈ வந்து அந்த நெளிவுக்குள்ள முட்டை வைக்கும். முட்டை கிராமுக்கு இவ்வளவுன்னு அவன் விக்கிறது இதைத்தான். வளர்ந்த புழுவை உங்க வீட்டு நாட்டுக்கோழிக்குப் போடுங்க. நாட்டுக்கோழிக்கும் முட்டைக்கும் நம்ம ஊர்ல வாங்குறவன் இருக்கான், மாசாமாசம் தீனிச் செலவு குறையும். கோழி இருபதுன்னா ரெண்டு தொட்டி போதும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதை 14 கிலோமீட்டருக்கும் அன்னதானம் போட்டு, மிஞ்சுன சோறும் வாழை இலையும் குவியுது. அதைப் பிளாஸ்டிக் தட்டு, தண்ணி பாக்கெட் கலக்காம தனியா ஒதுக்கிக் கொடுக்க ஏற்பாடு பண்ணா, பாதை ஓரக் கிராமத்துல கோழி வச்சிருக்கிற எத்தனையோ வீட்டுக்கு அது தீனியா மாறும். பயிற்சி நடத்துறவங்களுக்கு ஊர் மேல உண்மையான அக்கறை இருந்தா அந்தக் கலப்பை நிறுத்துறதுக்கு ஒரு வேலை செய்யலாம். அதுல கிட் விக்க முடியாது, அதான் செய்யல.

அந்தப் பையன் இப்போதைக்கு ரெண்டு தொட்டி வச்சிருக்கான், அம்மா நகை பீரோவுல இருக்குது. முதல் தொட்டியில எறும்பு ஏறிடுச்சு. கால்களைத் தண்ணிக் கிண்ணத்துல வைக்கச் சொன்னேன். இதுக்கு நடுவுல அடுத்த பயிற்சி போளூர்லன்னு நோட்டீஸ் வந்திருக்குது. போறவங்க போங்க. ஆனா ஒண்ணு மட்டும் கேட்டுட்டு வாங்க. கிட் வாங்காத ஆளுக்கு, வளர்ப்புப் பண்ணை வச்சிராத ஆளுக்கு, தொடர்ந்து ஆறு மாசம் புழு வித்த ரசீது, எடையும் விலையும் தேதியும் போட்டது. ஒரே ஒருத்தர் காட்டுனா போதும், நானே இங்க போட்டு, நல்ல தொழில், சேருங்கன்னு எழுதறேன். இதே ரசீதை மண்டபத்துல அந்தப் பையன் எழுந்து கேட்டிருக்கான். சாப்பாட்டு நேரம் ஆச்சுன்னு சொல்லிட்டாங்களாம்.